யாரை மேடைக்கு அழைக்கிறோம்?

(நமது கிளையின் இளைஞர் அணி ஆண்டு நிறைவு விழாவில், கிளையின் முன்னாள் செயலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பாராட்டுப் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் தனியே வெளியாகிறது.)

  

என்னைப் பரிசு கொடுக்கத்தான் கூப்பிட்டார்கள், பேசுவதற்கு அல்ல. நான்தான் செயலாளரிடம், "ஒரு பத்து நிமிஷம் பேசட்டுமா?" என்று கேட்டேன். "பதினைந்தே எடுத்துக்கோங்கோ மாமா" என்றார். மனுஷருக்கு என் பழக்கம் தெரியும். பின்கட்டிலிருந்து சாம்பார் சாத வாசனை வர ஆரம்பித்தால் நானே நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மைக்கைப் பார்த்துக்கொள்ளும் பையனிடமும் சொல்லியிருக்கிறேன், அரை மணியைத் தாண்டினால் அணைத்துவிடலாம் என்று. அந்தப் பையனைப் பற்றியும் பிறகு சொல்லப் போகிறேன்.

முதலில், இந்த ஓராண்டில் நம் இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். மும்பையில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் மராத்தியும் ஹிந்தியும் படித்து, வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடத்தினார்கள். ஆவணி அவிட்டத்தன்று இரண்டு ஈடாகப் பூணூல் மாற்ற ஏற்பாடு செய்து, வாத்தியாருக்குக் கூடமாட நின்றார்கள். ரத்த தான முகாம் நடத்தினார்கள். நவம்பர் மாதத்தில் பென்ஷன்காரர்களுக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்கும் வேலையை வீடு வீடாகப் போய்ச் செய்தார்கள். தனியாக இருக்கும் வயோதிகர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் பள்ளிக்கூடம், கல்லூரி, டியூஷன், லோக்கல் ரயில் இவற்றுக்கு நடுவில்.

இப்போது இந்த மேஜையைப் பாருங்கள். பதினொரு கேடயங்கள் இருக்கின்றன. வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். ஒன்பது கேடயங்கள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வாங்கிய மார்க்குக்காக. அதுவும் போன வருஷம் வந்த ரிசல்ட்டுக்கு. ஒன்று கிரிக்கெட்டுக்கு. ஒன்று கேரம் போர்டுக்கு. நான் சற்று முன் சொன்னேனே, தமிழ் வகுப்பு, ஆயுள் சான்றிதழ், ரத்த தானம், அவற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இது யாருடைய தவறும் அல்ல என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒருவருடைய தவறு என்பது எனக்குத் தெரியும். இந்தப் பரிசுப் பட்டியலை முதலில் வகுத்தது நான்தான். 1996 முதல் மூன்று ஆண்டுகள் நான் செயலாளராக இருந்தபோது போட்ட பட்டியலே இன்றுவரை மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இன்று பேச வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

அந்த நாட்களில் நம் கிளையில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். எந்த நிகழ்ச்சியானாலும் முதலில் வருவது அவன்தான். அப்போது நமக்குச் சொந்தமாக மைக்செட் கிடையாது, வாடகைக்கு எடுப்போம். அதைத் தூக்கிக்கொண்டு வருவான், வயர் இழுப்பான், நாற்காலி போடுவான், ஜமக்காளம் விரிப்பான். ராதா கல்யாணம் முடிந்து எல்லோரும் பிரசாதம் வாங்கிக்கொண்டு போன பிறகு, இரவு பதினோரு மணிக்கு ஹாலைப் பெருக்கிவிட்டுப் போவான். இப்படி மூன்று வருஷம். ஒரு நாள்கூட முகம் சுளித்தது இல்லை.

1998-இல் அவன் பன்னிரண்டாவது முடித்தான். நாற்பத்தெட்டு சதவீதம். அந்த வருஷ ஆண்டு விழாவில் நான் மேடையில் நின்று, எண்பதுக்கு மேல் எடுத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பரிசு கொடுத்தேன். சின்னக் குழந்தைகள் வந்தபோது மைக் எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் ஓரத்திலிருந்து ஓடிவந்து மைக்கைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஓரத்துக்குப் போய் நின்றான். கடைசியில் நன்றியுரையில், வாத்தியாருக்கு நன்றி, சமையல் கான்ட்ராக்டருக்கு நன்றி, நன்கொடை தந்த புண்ணியவான்களுக்கு நன்றி என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டு, "மற்றும் உதவி புரிந்த அனைவருக்கும் நன்றி" என்று முடித்தேன். அந்த "மற்றும்" என்கிற வார்த்தைக்குள்தான் அவன் இருந்தான்.

அன்று இரவும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனான். அதற்கப்புறம் வரவில்லை. நான் ஆள் அனுப்பினேன். "வேலை தேடிண்டிருக்கான்" என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து, 2007-இல் தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவனைப் பார்த்தேன். அவனாகவே வந்து, "மாமா, சௌக்யமா?" என்றான். ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை. கல்யாணம் ஆகியிருந்தது. இரண்டு வண்டிகளை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் கேட்டேன், "ஏண்டா அதுக்கப்புறம் சங்கத்துப் பக்கமே வரலே?" என்று. சிரித்தான். "ஒண்ணுமில்லே மாமா" என்றான். வண்டி வருகிற நேரத்தில், "அன்னிக்கு அப்பா வந்திருந்தார் மாமா. கடைசி வரிசையிலே உக்காந்திருந்தார்" என்றான். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டான்.

அவன் அப்பா ஒரு மில்லில் கிளார்க்காக இருந்து, மில் மூடினபோது வேலை போனவர். எந்த விழாவுக்கும் வரமாட்டார். அன்று வெளுத்த வேஷ்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார் என்று பிற்பாடு என் ஆத்துக்காரி சொன்னாள். பிள்ளை பேரை யாராவது ஒருத்தர் சொல்வார்கள் என்று வந்திருக்கிறார். ஒரு வரி. "இந்தப் பையன் மூணு வருஷமா நம்ம மைக்கைப் பார்த்துக்கறான்" என்று ஒரே ஒரு வரி. ஒரு ரூபாய் செலவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023-இல் நானும் என் மனைவியும் ஆறு மாதம் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் பெண் வீட்டில் தங்கினோம். என் பேத்திக்கு அப்போது பதினோரு வயது. அவள் ஃபோர்-எச் என்று ஒரு குழந்தைகள் சங்கத்தில் இருக்கிறாள். "ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த்" என்று நான்கு எச். தலை, இதயம், கைகள், ஆரோக்கியம். நாலு இலை கொண்ட பச்சை நிறச் செடிதான் சின்னம்.

இந்தச் சங்கம் பிறந்ததே அந்த ஒஹாயோவில்தான். 1902-இல் கிளார்க் கவுண்டி என்ற இடத்தில் ஆல்பர்ட் கிரஹாம் என்ற பள்ளிக்கூட மேற்பார்வையாளர், கிராமத்துக் குழந்தைகளைச் சேர்த்து ஆரம்பித்தார். மக்காச்சோளம் பயிரிடுவது, காய்கறித் தோட்டம் போடுவது, லிட்மஸ் காகிதத்தை வைத்து மண்ணைச் சோதிப்பது, இவைதான் ஆரம்ப வேலைகள். அதன் பின்னால் ஒரு சூட்சுமம் இருந்தது. பல்கலைக்கழகங்களில் புதிய விவசாய முறைகளைக் கண்டுபிடிப்பார்கள், பெரியவர்கள், "எங்க அப்பா செய்யாததா?" என்று அவற்றைத் தொடமாட்டார்கள். குழந்தைகள் செய்து பார்ப்பார்கள். அவர்கள் வயலில் விளைந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் மாறுவார்கள். 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கிராமங்களுக்கு விவசாய அறிவைக் கொண்டுபோகும் ஏற்பாட்டை நிலைநிறுத்தினார்கள். அந்த ஏற்பாட்டின் கீழ் இந்தச் சங்கங்கள் நாடெங்கும் பரவின. இன்று அறுபது லட்சம் குழந்தைகள் வரை அதில் இருக்கிறார்கள். இப்போது விவசாயம் மட்டும் அல்ல. சமையல், தையல், புகைப்படம், ரோபோ செய்வது, மேடையில் பேசுவது எல்லாம் உண்டு.

என் பேத்தி எடுத்துக்கொண்டது காய்கறித் தோட்டம். தக்காளியும் வெண்டைக்காயும். மாமிசத்துக்காக ஆடு, பன்றி வளர்த்து ஏலம் விடுகிற திட்டங்களும் அங்கே உண்டு. ஆசையாக வளர்த்த ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டு ஒரு பெண் அழுததை நானே பார்த்தேன். அது நமக்கு ஒத்துவராது. நான் அதைப் புகழவும் வரவில்லை. நான் சொல்ல வந்தது, அவர்கள் ஆண்டை எப்படி முடிக்கிறார்கள் என்பது.

முதல் விஷயம், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவு நோட்டு. வருஷ ஆரம்பத்தில் "என்ன செய்யப் போகிறேன்" என்று எழுத வேண்டும். செய்யச் செய்யத் தேதி போட்டு எழுத வேண்டும். விதைக்கு எத்தனை டாலர், உரத்துக்கு எத்தனை, என்ன விளைந்தது, என்ன கெட்டுப்போனது எல்லாம் அதில் இருக்க வேண்டும். பேத்தியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், "மான் வந்து வெண்டைச் செடியைத் தின்றுவிட்டது. அடுத்த வருஷம் முதலில் வேலி" என்று எழுதியிருந்தாள். நஷ்டத்தையும் கணக்கில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று, முப்பத்தைந்து வருஷம் பேங்கில் லெட்ஜரோடு மல்லுக்கட்டிய எனக்குப் பரம சந்தோஷம்.

இரண்டாவது, அவர்கள் மதிப்பிடும் முறை. கோடையில் கண்காட்சி நடக்கிறது. பேத்தி ஒரு தட்டில் ஐந்து தக்காளி வைத்தாள். நடுவராக வந்த அம்மாள் தக்காளியைப் பார்த்ததோடு, இவளை எதிரில் உட்காரவைத்துப் பேசினாள். "எப்போது நட்டாய்? ஏன் இந்த ரகம்? பூச்சி வந்ததா? என்ன செய்தாய்?" என்று. கடைசியில் சிவப்பு ரிப்பன் கொடுத்தாள். நீலம்தான் உயர்ந்தது, அடுத்தது சிவப்பு, அதற்கடுத்தது வெள்ளை. என் மனைவிக்கு வருத்தம், "பாவம், குழந்தைக்கு செகண்ட் ப்ரைஸ்தான் வந்தது" என்று. பேத்தி திருத்தினாள்: "செகண்ட் இல்லே பாட்டி. இது யாரோடயும் போட்டி இல்லே. அஞ்சு தக்காளியும் ஒரே சைஸா இருக்கணும். என்னோடதிலே ரெண்டு சின்னது. அதான் சிவப்பு."

இதற்கு டேனிஷ் முறை என்று பெயர். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவுகோலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதைத் தொட்டவர் எல்லோருக்கும் நீலம். பத்துப் பேர் தொட்டால் பத்துப் பேருக்கும் நீலம். ஒருவரும் தொடாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. மிகச் சிறந்ததற்குத் தனியே ஒரு பரிசும் உண்டு. ஆனால் அது இதற்கு அப்புறம்தான்.

மூன்றாவது, இலையுதிர் காலத்தில் ஓர் ஆண்டு நிறைவு மாலை. அவரவர் வீட்டிலிருந்து ஒரு பண்டம் கொண்டு வருகிறார்கள். நாங்கள் லெமன் சாதம் கொண்டுபோனோம், பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. அந்த மாலையில் பொருளாளர் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பையன் எழுந்து சங்கத்தின் வரவு செலவைப் படித்தான். கை நடுங்கிற்று; ஆனாலும் கணக்குச் சரியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் கூப்பிட்டு, அது அந்த ஆண்டில் என்ன செய்தது என்று ஒரு வாக்கியம் சொன்னார்கள். வெறும் "வெரி குட்" இல்லை. "இவள் வேலி இல்லாமல் வெண்டை போட்டு, மானிடம் தோற்று, தக்காளியைக் காப்பாற்றினாள்" என்றார்கள். சபை சிரித்தது. பேத்தியும் சிரித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தாதர் பிளாட்பாரம் ஞாபகம் வந்துவிட்டது.

சிலர் மனதில் ஒரு கேள்வி எழலாம். "எல்லோரையும் பாராட்டினால் பாராட்டுக்கு என்ன மதிப்பு? வந்தவன் போனவனுக்கெல்லாம் கப் கொடுத்தால் படிக்கிற பிள்ளைக்கு என்ன உத்ஸாகம் இருக்கும்?" நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், நம் வேத பாடசாலைக்குப் போனால் போதும்.

ஸம்ஹிதை, பதம், க்ரமம், ஜடை, கனம் என்று வேத அத்யயனத்தில் படிகள் இருக்கின்றன. ஒருவரை "கனபாடிகள்" என்கிறோம். அவர் இன்னொருவரைத் தோற்கடித்தார் என்றா அதற்கு அர்த்தம்? இல்லை. கனம் வரை சொல்லி, பரீட்சையில் தேறினார் என்று அர்த்தம். அவர் ஊரில் பத்து கனபாடிகள் இருந்தால் இவர் மதிப்புக் குறைந்துவிடாது. அதே சமயம், க்ரமத்தோடு நின்றவரைப் பரிதாபப்பட்டு யாரும் கனபாடிகள் என்று அழைத்துவிடுவதும் இல்லை. அளவுகோல் கறார், ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பாராயணம் முடிந்து சம்பாவனை செய்யும்போதும், வந்து சொன்ன ஒருவரையும் விட்டுவிடாமல் கொடுக்கிறோம். இவ்வளவு அழகான முறையை வைத்துக்கொண்டு, நம் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஏன் "ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு" என்று மூன்றோடு நிறுத்திவிட்டோம்?

சாரணர் இயக்கத்திலும் இப்படித்தான். நம் நாட்டில் 1950 நவம்பர் 7-ஆம் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. அதில் பிரதம சோபான், த்விதீய சோபான், த்ரிதீய சோபான் என்று ஏணிப்படி வைத்திருக்கிறார்கள். மேலே போனால் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே ராஷ்டிரபதி விருது. பிரிட்டனில் 1956-இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதிலும் வெண்கலம், வெள்ளி, தங்கம் மூன்றும் படிகளே தவிர, ஒருவரை ஒருவர் முந்தும் பந்தயம் அல்ல.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நர்சரி பள்ளியில் படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், "வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்னாலேயே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். இரண்டாவது பிரிவிடம் ஒன்றும் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். சான்றிதழ் தருவதாக ஆசை காட்டப்பட்ட குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவே இல்லை.

ஆகவே கேடயத்தை முன்னால் காட்டி, "ஆயுள் சான்றிதழ் வேலைக்கு வா, கப் தருகிறேன்" என்று சொன்னால் காரியம் கெட்டுவிடும். கப் நின்ற வருஷம் சேவையும் நின்றுவிடும். செய்ததைப் பார்த்தோம், புரிந்துகொண்டோம் என்று சொல்வதுதான் பாராட்டு. அதற்குக் கேடயம்கூட அவசியம் இல்லை. பார்த்திருக்க வேண்டும், அதுதான் அவசியம். நான் செயலாளராக இருந்தபோது அந்தப் பையன் செய்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் கவனிக்கவில்லை.

இந்த விழாவுக்காக நான் ஒரு மாதமாகக் கொஞ்சம் துப்பறிந்தேன். நம் இளைஞர் அணியின் பொறுப்பாளர்களிடமும், அவர்கள் சேவை செய்த வீடுகளிலும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து மூன்றே மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று. ரத்த தான முகாமுக்கு ஒரு பெண் காலை ஏழு மணிக்கே வந்து முதலில் பெயர் கொடுத்தாள். ஹீமோகுளோபின் பன்னிரண்டரையாவது இருக்க வேண்டும். அவளுக்குக் குறைவாக இருந்தது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. மாலை வரை ரிஜிஸ்டரில் உட்கார்ந்து, வந்தவர்களின் பெயரை எழுதி, ரத்தம் கொடுத்தவர்களைக் கால் மணி நேரம் உட்காரவைத்துக் காபியும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினாள். ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. அவளுக்கு வரவில்லை. இன்னொன்று: அன்று முதல் கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையும் எடுத்துக்கொண்டிருக்கிறாளாம், அடுத்த முகாமுக்காக.

இரண்டு. ஆயுள் சான்றிதழ். மத்திய அரசு 2014-இல் ஜீவன் பிரமாண் என்று கம்ப்யூட்டர் மூலமாகவே இதைக் கொடுக்கிற முறையைக் கொண்டுவந்தது. கைரேகை வைக்க வேண்டும். எண்பது வயது மாமிக்குப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்துபோயிருக்கிறது, மெஷின் ஏற்காது. 2021 முதல் மொபைலில் முகத்தைக் காட்டியே செய்யலாம் என்று வந்தது. ஆனால் மாமிக்கு மொபைலைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே! நம் பையன் ஒருவன் ஒரே வீட்டுக்கு நான்கு தடவை போயிருக்கிறான். கண்புரை ஆபரேஷன் ஆன கண். ஒரு தடவை வெளிச்சம் போதவில்லை. ஒரு தடவை நெட்வொர்க் இல்லை. நான்காவது தடவை பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து முடித்தான். அந்த மாமி என்னிடம் சொன்னாள்: "பென்ஷன் வந்தது பெரிசில்லே. நாலு தடவையும் அவன் 'பரவாயில்லே பாட்டி'ன்னு சொன்னான் பாருங்கோ, அதுதான் பெரிசு."

மூன்று. இதோ மைக்கைப் பார்த்துக்கொள்கிறானே, இந்தப் பையன். இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதியிருக்கிறான். ரிசல்ட் இன்னும் வரவில்லை. எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. இன்று எனக்கு அது வேண்டியதும் இல்லை. இரண்டு வருஷமாக இந்த ஹாலில் ஒரு நிகழ்ச்சியிலும் மைக் கத்தியதில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்து எல்லா மூலையிலும் நின்னு கேட்டுப் பார்ப்பேன் மாமா. கடைசி வரிசையிலே இருக்கற தாத்தா பாட்டிக்குக் காதிலே விழணுமே" என்றான். உங்கள் அப்பா அம்மா வந்திருக்கிறார்களா அப்பா? எங்கே? கொஞ்சம் எழுந்திருங்கள், ஸார். கடைசி வரிசையில் வேண்டாம். தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள்.

(கரகோஷம்.)

நன்றி. இப்போது நிர்வாகக் குழுவுக்குச் சில விண்ணப்பங்கள். முன்னாள் செயலாளர்கள் யோசனை சொல்வது எளிது, செய்வது உங்கள் பாடு என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

மார்க்குக்கான பரிசை நிறுத்த வேண்டாம். கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைக்கும் அதைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் அது நியாயமான மரியாதை. ஆனால் அதை ரிசல்ட் வந்தவுடன் ஜூன், ஜூலையிலேயே தனியாகக் கொடுத்துவிடலாம். இளைஞர் அணியின் ஆண்டு நிறைவு, இளைஞர் அணியில் செய்த வேலைக்காக இருக்கட்டும்.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நோட்டு கொடுக்கலாம். மாதம் ஒரு பக்கம் போதும். என்ன செய்தேன், எது சரியாக வரவில்லை, அடுத்த தடவை என்ன மாற்றுவேன். "சரியாக வரவில்லை" என்ற பகுதியைக் காலியாக விடக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். நம் சங்கங்களின் ஆண்டறிக்கையில் எல்லாமே "இனிதே நடந்தேறியது" என்றுதான் இருக்கும். நானே அப்படி மூன்று அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். ஒரு வருஷம் மழையில் பந்தல் விழுந்தது. அதற்கும் "இனிதே நடந்தேறியது" என்றுதான் எழுதினேன். குழந்தைகளாவது உண்மையை எழுதட்டும்.

இளைஞர் அணியின் கணக்கை இளைஞர்களே எழுதி, இந்தச் சபையில் படிக்கட்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து சரிபார்த்தால் போதும்.

கடைசியாக, "மற்றும்" என்ற வார்த்தையை நன்றியுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியல் நீளுமே என்றால் நீளட்டும். சாம்பார் சாதம் ஆறினால் சுடவைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "ஒன்பதாவது வந்தாச்சு, இனிமே சங்கம், கிங்கம் எல்லாம் வேண்டாம், படிப்பு கெட்டுப்போகும்" என்று பலரும் சொல்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நானும் என் பெண்ணிடம் அதையேதான் சொன்னேன். நான் கேட்பது ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம்தான். கண் தெரியாத ஒரு பாட்டியிடம் நான்கு தடவை "பரவாயில்லை" என்று சொல்லும் பொறுமையை எந்த டியூஷன் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

குழந்தைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பெரியவர்கள் கவனிக்கத் தவறுவோம். இனியும் தவறுவோம். அதற்காகச் செய்வதை விட்டுவிடாதீர்கள். உங்களோடு வேலை செய்கிறவன் யாராவது ஓரத்தில் நின்றால், எங்களுக்கு முன்னால் நீங்கள் பார்ப்பீர்கள். எங்களிடம் வந்து, "மாமா, அவன் பேரை விட்டுட்டேள்" என்று சொல்லுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 1998-இல் யாராவது ஒரு குழந்தை என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால், நான் ரொம்ப நன்றியோடு இருந்திருப்பேன்.

அந்தப் பையனை, இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிய மனிதரை, இன்றைய விழாவுக்குப் போனில் அழைத்தேன். அவர் அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. "இன்னிக்கு ஷிப்ட் இருக்கு மாமா, முடிஞ்சா பார்க்கறேன்" என்றார். வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவர் பெயரை இன்று மாலை நடவடிக்கைப் புத்தகத்தில், 1995 முதல் 1998 வரை நம் கிளையின் ஒலிபெருக்கியையும் ஹாலையும் பார்த்துக்கொண்டவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரொம்பத் தாமதமான பதிவு. பேங்கில் இதைப் பழைய தேதியிட்ட திருத்தம் என்பார்கள்; ஆடிட்டர் கேள்வி கேட்பார். கேட்கட்டும்.

வாசனை வர ஆரம்பித்துவிட்டது. வாக்குப்படி நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் பதினொரு கேடயங்களையும் சந்தோஷமாகக் கொடுக்கப் போகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு என் ஆசீர்வாதம். அதற்கு முன்னால், செயலாளர் அனுமதியோடு, இந்த நோட்டில் இருக்கும் எல்லாப் பெயர்களையும், பெயருக்கு ஒரு வரியாகப் படிக்கிறேன். பெயர் வரும்போது அவரவர் மேடைக்கு வாருங்கள். கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. கைகுலுக்கி, என்ன செய்தாய் என்று சபைக்குச் சொல்வேன், அவ்வளவுதான். உங்கள் அப்பா அம்மாவும் எழுந்து நிற்கட்டும்.

பகவான் எல்லோருக்கும் ஆயுள், ஆரோக்கியம், க்ஷேமம் அனைத்தையும் அருளட்டும். நமஸ்காரம்.